ஒன்பது நாடும் ஒரு பொடிசும்

அந்த வாரம் எங்கள் சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமே இல்லை. மேசை முழுக்க அப்பாவின் பயணத் திட்டம் விரிந்து கிடந்தது. ஐரோப்பாவில் நாற்பது நாள், ஒன்பது நாடு, பதினேழு ஊர். எல்லாவற்றையும் கட்டம் போட்டு நான்கு நிறத்தில் எழுதி வைத்திருந்தார்.

அப்பா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். எதையும் விசில் ஊதித் தொடங்கி விசில் ஊதி முடிப்பவர். அம்மா லிஃப்ட் மெக்கானிக். பல வருடமாக நீண்ட விடுப்பே எடுக்காமல் வேலை பார்த்த அம்மாவுக்கு இந்த முறை சேர்ந்தாற்போல் நாற்பது நாள் கிடைத்தது. அப்பாவுக்கும் அப்போது பள்ளி விடுமுறை. இரண்டு பேரும் தரையில் கால் பாவாமல் திரிந்தார்கள்.

நானும் அப்படித்தான் திரிந்தேன், திட்டத்தின் கடைசிப் பக்கத்தைப் படிக்கும் வரை. அதில் "பயணிகள்: மூன்று பேர்" என்று எழுதியிருந்தது.

எங்கள் வீட்டில் இருப்பது நான்கு பேர்.

"அப்பா, பொடிசை எழுத மறந்துட்டீங்க" என்றேன்.

பொடிசு என் தம்பி. மூன்று வயது.

"மறக்கலைம்மா" என்றார் அப்பா, தலையை நிமிர்த்தாமலே. "அவன் அத்தை வீட்டுல இருப்பான். அத்தைக்கு அவன்னா உயிரு. ஜாலியா இருப்பான்."

"நாற்பது நாளா?"

"அவனைக் கூட்டிட்டுப் போனா ஒரு தெருவைத் தாண்டவே ஒரு நாள் ஆகும். உனக்கே தெரியும்."

தெரியும்தான். பொடிசு நடந்தால் எறும்பு முந்திவிடும். வழியில் இருக்கிற குழாயை எல்லாம் திருகிப் பார்க்க வேண்டும். பூனை இருந்தால் நின்று நலம் விசாரிக்க வேண்டும். தண்ணீரைக் கண்டால் கல் எறிய வேண்டும். பூங்காக் குளத்தில் ஒரு நாள் ஒன்றரை மணி நேரம் விடாமல் கல் எறிந்தான், நான்தான் கடிகாரம் பார்த்தேன். அதற்காக விட்டுவிட்டுப் போவதா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவன் வராத ஊருக்கு நானும் வர மாட்டேன்."

"அடம் பிடிக்காதே."

"பிடிப்பேன்."

அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எனக்கும் மனசு கேக்கலைடி. ஆனா தினமும் ரயில், பஸ், புது ஊரு, புது ரூம். அவ்வளவு சின்னக் குழந்தை தாங்குமா?"

"தாங்காதுன்னா ஊரை மாத்துங்க. தம்பியை ஏன் கழட்டி விடுறீங்க?"

"ஏய் வாயாடி, போதும்" என்றார் அப்பா. வீட்டில் என் பெயர் அதுதான். "திங்கட்கிழமை சித்தப்பா டிக்கெட் போடணும். முடிவு பண்ணியாச்சு."

சித்தப்பா பயணச்சீட்டு ஏற்பாடு செய்யும் அலுவலகம் வைத்திருக்கிறார். அன்று வியாழன். எனக்கு மூன்று நாள் இருந்தது.

திட்டத்தை எடுத்துக்கொண்டு போய் என் அறையில் வரி விடாமல் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கே மூச்சு வாங்கியது. பதினான்காம் நாள்தான் உச்சம். காலை ஐந்து மணிக்கு எழுந்து ஆறு மணிக்கு ரயில். அப்புறம் மியூசியம், கோபுரம், இருபது நிமிடத்தில் மதியச் சாப்பாடு, படகுச் சவாரி. மாலை ஆறு மணிக்கு அடுத்த நாட்டுக்கு ரயில்.

மறுநாள் காலை அப்பா பல் தேய்க்கும்போதே போய் நின்றேன். வாயில் நுரை இருந்தால் அவரால் குறுக்கே பேச முடியாது.

"பயிற்சி எடுக்காம மைதானத்துல இறங்கக் கூடாதுன்னு உங்க பசங்ககிட்ட தினமும் கத்துறீங்க இல்ல? நாமளும் பயிற்சி எடுப்போம். நாளைக்கு நம்ம ஊருலயே பதினாலாம் நாளை நடத்திப் பார்ப்போம். பொடிசு வேணாம். நீங்க நினைச்ச மாதிரி நாம மூணு பேர் மட்டும்."

அப்பா வாய் கொப்பளித்தார். "முடிச்சுக் காட்டினா?"

"நான் வாயே திறக்க மாட்டேன். நீங்க சொல்ற இடத்துக்கெல்லாம் வரேன். நீங்க முடிக்கலைன்னா எந்த ஊருன்னு நான் சொல்வேன்."

"வாயே திறக்க மாட்டாளாம்!" உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தார். "அதுக்காகவாவது ஒத்துக்கோங்க!"

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். பயணத்தில் தூக்கப்போகும் கனம் வர வேண்டும் என்று இரண்டு பெட்டியிலும் பழைய புத்தகங்களை அடைத்திருந்தோம். பொடிசை அத்தை வீட்டில் விட்டபோது அவன் முதலில் பெட்டிகளைப் பார்த்தான். பிறகு எங்களைப் பார்த்தான்.

"நானு?" என்றான்.

"சாயங்காலம் வந்துடுவோம்டா" என்று அப்பா அவன் கன்னத்தைக் கிள்ளிவிட்டு விசில் ஊதினார். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பார்த்தால் அழுதுவிடுவேன்.

ரயிலுக்குப் பதிலாக ஊரைச் சுற்றும் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போனோம். மியூசியம் வரிசைக்குப் பதிலாக நூலகச் சுவரோரம் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் நூலகர் வெளியே வந்தார்.

"உள்ள வாங்களேன். திறந்துதான் இருக்கு."

"பரவாயில்லை சார். வரிசையில நிக்கிறோம்" என்றார் அப்பா.

நூலகர் எங்களுக்கு முன்னால் பார்த்தார். பின்னாலும் பார்த்தார். ஒரு ஈ காக்கைகூட இல்லை. தலையைச் சொறிந்துகொண்டே உள்ளே போய்விட்டார்.

கோபுரத்துக்கு ஒரு பதினோரு மாடிக் கட்டடத்தைப் பிடித்திருந்தோம். அம்மா நேராக லிஃப்ட் பக்கம் போனார். அப்பா பெட்டியோடு குறுக்கே நின்றார்.

"அந்தக் கோபுரத்துல லிஃப்ட் கிடையாது. படிதான்."

"இந்த லிஃப்ட்டை நேத்துதாங்க சரி பண்ணினேன்! என்னையே படி ஏறச் சொல்றீங்களா?"

"பயிற்சின்னா பயிற்சி!"

ஏறினோம். நான்காவது மாடியில் அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். ஏழாவது மாடியில் அப்பாவின் விசில் சத்தம் பாதியாகிவிட்டது. ஒன்பதாவது மாடியில் அவர் பெட்டி மேலேயே உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"வலிக்குதாப்பா?"

"யாரு சொன்னது? இயற்கைக் காட்சியைப் பார்க்கிறேன்" என்றார். எதிரே இருந்தது வெறும் சுவர்.

கடையில் சாப்பாடு வரவே பதினேழு நிமிடம் ஆனது. மிச்சம் மூன்று நிமிடத்தில் மூன்று பேரும் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினோம். அம்மாவுக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. படகுச் சவாரிக்குப் பதிலாகப் பூங்காக் குளத்தங்கரை பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார வேண்டும் என்று இருந்தது. உட்கார்ந்தோம்.

சரியாக நான்கு நிமிடத்தில் அப்பா தூங்கிவிட்டார். வாயில் விசில் இருந்தது. அவர் மூச்சு விடும்போதெல்லாம் அது "பீ... பீ..." என்றது. வாத்துகள் எல்லாம் கரைக்கு வந்து எட்டிப் பார்த்தன. அம்மா சிரித்த சிரிப்பில் விக்கலே நின்றுவிட்டது.

"எழுப்பட்டுமா?" என்று கேட்டேன்.

"பாவம், தூங்கட்டும்" என்றார் அம்மா.

எனக்கும் எழுப்ப மனசு வரவில்லை. முகத்தில் வெயில் படாமல் அவருடைய திட்டத்தையே விரித்து மூடிவிட்டேன். அவர் விழித்தபோது மணி ஆறேகால். அடுத்த நாட்டுக்குப் போகும் ரயில் போய்விட்டது.

"சரி, நீ ஜெயிச்சுட்ட" என்றார், கண்ணைக் கசக்கியபடி. "ஒன்பது நாட்டை அஞ்சா குறைச்சுக்கலாம். ஆனா பொடிசை மட்டும்..."

"இன்னைக்குப் பொடிசு வந்தானா?" எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "அவன் இல்லாமலே இந்த லட்சணம்! இனிமே அவன் தலையில பழியைப் போடாதீங்க. போட்டா நான் சும்மா இருக்க மாட்டேன்."

அப்பா குளத்தையே பார்த்தார். பிறகு சின்னக் குரலில், "ஸ்கூல்ல எல்லா டீச்சர்கிட்டயும் ஒன்பது நாடுன்னு சொல்லிட்டேன்மா" என்றார்.

அப்படிப் போடு! விஷயம் அதுதானா! எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அத்தை வீட்டுக்குப் போனோம். வாசல்படியில் பொடிசு உட்கார்ந்திருந்தான். காலில் ஷூ, இடம் வலம் மாறி. முதுகில் அவனுடைய சின்னப் பை.

"காலையில மாட்டினான்" என்றார் அத்தை. "சாப்பிடும்போதும் கழட்டலை. படுக்கச் சொன்னேன், வாசலை விட்டு வரலை. 'என்னை மறந்துட்டாங்க, இப்ப வந்துடுவாங்க'ன்னே சொல்லிட்டிருக்கான்."

பொடிசு எழுந்து நேராக அப்பாவிடம் வந்தான்.

"அப்பா, நான் வேகமா நடப்பேன்" என்றான். "பாரு."

வாசலிலிருந்து கேட் வரைக்கும் ஓடினான். திரும்பி ஓடி வந்தபோது, மாறிப் போன ஷூ தடுக்கிக் குப்புற விழுந்தான். அழவில்லை. உடனே எழுந்து, "இன்னும் வேகமா ஓடுவேன்" என்று மறுபடியும் ஓடப் போனான்.

அப்பா பெட்டியைப் போட்டுவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் திருப்பவில்லை. நன்றாகவே அழுதேன்.

"வேணாம்டா செல்லம்" என்றார் அப்பா. "நீ மெதுவாவே நட. நாங்க கூட வரோம்."

அன்று இரண்டு தெரு தாண்டி வீட்டுக்கு வர ஒரு மணி நேரம் ஆனது. மூன்று குழாய், இரண்டு பூனை. அப்பா எதற்கும் அவசரப்படுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் நூலகத்தில் இருந்தேன். "இன்னைக்காவது உள்ள வந்தியே" என்று நூலகர் பெரிய உலக வரைபடப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். திங்கட்கிழமை நாங்கள் நான்கு பேரும் சித்தப்பாவின் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தோம். அப்பா சொன்ன சொல் தவறவில்லை. "நீயே சொல்லும்மா" என்றார்.

"ஸ்லோவேனியா" என்றேன்.

சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுவரில் இருந்த வரைபடத்தைத் தேடினார். "அது எங்கம்மா இருக்கு?"

"இத்தாலிக்குப் பக்கத்துல, ஆஸ்திரியாவுக்குக் கீழ. சின்ன நாடு. அங்க மலைக்கு நடுவுல ஏரி இருக்கு. ஏரிக்கரை ஊர்ல ஒரு வீடு எடுத்துக்கலாம். நாற்பது நாளும் ஒரே வீடு, ஒரே கட்டில். காலையில ரொட்டிக் கடைக்குப் பொடிசு நடையிலயே போய்ட்டு வரலாம். பெட்டி தூக்க வேணாம். அம்மா ஒரு நாள்கூட சீக்கிரம் எழுந்திருக்க வேணாம்."

"எனக்கு ஓகே" என்றார் அம்மா சட்டென்று.

"அண்ணே, என்ன இது?" சித்தப்பா தலையில் கை வைத்தார். "அவ்வளவு தூரம் போயிட்டு பாரிஸ் பார்க்காம, ரோம் பார்க்காம வந்தா பார்க்கிறவன் சிரிக்க மாட்டானா? நாற்பது நாள் ஒரு ஏரிக்கரையில உட்கார்ந்து என்னதான் பண்ணுவீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"கல் எறிவோம்டா. என் பையன் ஒன்றரை மணி நேரம் எறிவான், தெரியுமா? சிரிக்கிறவன் சிரிச்சுட்டுப் போகட்டும். ஸ்கூல்ல நான் பதில் சொல்லிக்கிறேன். நாலு டிக்கெட் போடு."

சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டே கணினியில் தட்டினார். நான்கு பேர் பெயரும் வரிசையாகத் திரையில் வந்ததை நான் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன்.

"ஜன்னலோர சீட் ஒண்ணுதான் இருக்கு. யாருக்குப் போடட்டும்?"

"பொடிசுக்குப் போடு" என்றார் அப்பா, என்னைப் பெருமையாகப் பார்த்தபடி. "அவனுக்காக இவ்வளவு சண்டை போட்டவ, ஒரு சீட்டை விட்டுக்கொடுக்க மாட்டாளா?"

"மாட்டேன்" என்றேன். "சண்டை அவனுக்காகப் போட்டேன். ஜன்னல் எனக்குத்தான். வேணும்னா என் மடியில உட்கார்ந்து பார்க்கட்டும், பாதி நேரம்!"