பொருந்தாத கையெழுத்து

ஓட்டு மறு எண்ணிக்கைக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா என்று வாசலிலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. ஆஸ்பத்திரியின் பழைய நுரையீரல் வார்டு. கட்டில்களைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டு மேஜைகளைப் போட்டிருந்தார்கள். கட்டில் கால்கள் நின்ற இடங்களில் தரை வெளுத்துக் கிடந்தது. பினாயிலை எவ்வளவு ஊற்றியும் மருந்தும் வியர்வையும் கலந்த அந்த வாடை சுவரை விட்டுப் போகவில்லை. அவளுக்குக் கிடைத்த மேஜை ஜன்னலோரம், மூலையில் இருந்தது.

அந்த மூலையில்தான் அவள் கணவர் மூச்சுக்குத் தவித்துத் தவித்துச் செத்தார்.

வேறு மேஜை கேட்டிருக்கலாம். ஆனால் அன்றைக்கு எதையும் கேட்கிற நிலையில் அவள் இல்லை.

நகரசபையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். கள்ளக் கையெழுத்தோடு வந்த எவனும் அவள் மேஜையைத் தாண்டியதில்லை. அதனால்தான் தகராறில் இருந்த தபால் ஓட்டு உறைகளை அவளிடம் தள்ளினார்கள். உறைமேல் உள்ள கையெழுத்து, வாக்காளர் முன்பு பதிந்துவைத்த மாதிரிக் கையெழுத்தோடு பொருந்தினால் உறையைப் பிரிப்பார்கள், ஓட்டை எண்ணுவார்கள். பொருந்தாவிட்டால் பிரிக்காமலே குப்பை.

நகரத் தலைவர் மயிரிழையில் முன்னால் இருந்தார். மிச்சமிருந்த உறைகள் எல்லாமே இந்த வார்டில் கிடந்தவர்கள் போட்டவை. ஜெயித்தால் வார்டை மூடுவேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவருக்கு அவர்கள் ஓட்டுப் போட்டிருப்பார்களா? அவரோ முடிவு வருவதற்குள்ளேயே வார்டைப் பூட்டிவிட்டார். போட்டவர்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை. உயிரோடு இருந்தபோது போட்ட ஓட்டு செல்லும் என்று சட்டம் சொல்லிவிட்டதால், தலைவரின் ஆட்கள் கையெழுத்தில் கை வைத்தார்கள்.

காலையில் தேர்தல் அதிகாரி அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"உங்க பொண்ணோட வாரிசு வேலை ஆர்டர் தலைவர் மேஜைலதான் இருக்கு. இன்னிக்கு நல்லபடியா முடிஞ்சா நாளைக்கே கையெழுத்துப் போட்டுருவாரு."

"நல்லபடியான்னா?"

"உங்களுக்கு நான் சொல்லணுமா மேடம்? விதிப்படி பாருங்க. கொஞ்சம் கறாரா பாருங்க."

நகரசபையிலேயே வேலை பார்த்த கணவர் போனபின் ஒரு சம்பளத்தில் வீடு முக்கி முனகிக்கொண்டிருந்தது. மகள் படிப்பை முடித்துவிட்டு இரண்டு வருஷமாக வேலைக்கு அலைகிறாள். அவளை நினைத்துக்கொண்டே இவள் வந்து மூலை மேஜையில் உட்கார்ந்தாள்.

முதல் உறை. மாதிரிக் கையெழுத்து நிமிர்ந்து நின்றது. உறைமேல் இருந்ததோ கோணல்மாணலாகக் கிடந்தது. மூச்சு விடவே திணறுகிறவன் வேறு எப்படிப் போடுவான்? அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

"பொருந்தல."

பக்கத்தில் இருந்த முத்திரை அண்ணன், ஓய்வுக்குக் காத்திருக்கும் கடைநிலை ஊழியர், நிராகரிப்பு முத்திரையைக் குத்தினார்.

எதிர்த்தரப்பு வக்கீலம்மா குனிந்து பார்த்தாள். "மேடம், நோயாளிக்குக் கை நடுங்காதா?"

"நடுங்குற கைக்குத் தனி விதி இல்லம்மா."

அடுத்தது பொருந்தல. அதற்கடுத்ததும் பொருந்தல. மதிய வெயில் ஜன்னல் வழியாக மேஜைமேல் காய்ந்துகொண்டிருந்தது. ஆனாலும் அவள் விரல் நுனி சில்லிட்டது. உறைகள் ஈரமாக இருந்தன. ஒட்டிய விளிம்பில் பசை அப்போதுதான் நாக்கால் நனைத்ததுபோல் பிசுபிசுத்தது.

பிறகு அந்தச் சத்தம் கேட்டது. ஆக்ஸிஜன் குப்பியில் தண்ணீர் குமிழியிடும் சத்தம்.

"அண்ணே, கேக்குதா?"

"என்னது?"

அவள் உறைக் கட்டுப் பக்கம் திரும்பினாள்.

அடுத்த உறையில் அவள் கணவரின் பெயர், வலப்பக்கம் சரிந்த கோணல் கையெழுத்தில்.

இது வரும் என்று தெரிந்துதான் வந்தாள். தெரிந்திருந்தும் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவர் ஓட்டுப் போட்ட அன்று, எழுதுவதற்காக அவர் நெஞ்சோடு அட்டையை அணைத்துப் பிடித்துக்கொண்டவள் அவள்தான். பழைய செய்தித்தாளின் ஓரத்தில் திரும்பத் திரும்பக் கையெழுத்துப் போட்டுப் பழகினார். "கோணலாப் போச்சுன்னா தள்ளிருவாங்கடி" என்றார். இருமி முடித்துவிட்டு, "உங்க பிரிவு ஆளுங்கதானே பாப்பாங்க, நீ இருக்கும்போது எனக்கென்ன கவலை" என்று சிரித்தார். அந்த மனிதர் கடைசியாக ஆசைப்பட்டுச் செய்த காரியம் இது ஒன்றுதான்.

குமிழிச் சத்தம் நின்றது.

அவள் காதருகே யாரோ மூச்சை இழுத்தார்கள்.

"நல்லாப் பாரு."

அவள் திரும்பவில்லை. திரும்பினால் முகம் தெரிந்துவிடும். மகளை நினைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"பொருந்தல."

அண்ணன் முத்திரை குத்தினார். மை பதியவில்லை. மறுபடியும் குத்தினார். உறை வெள்ளையாகவே இருந்தது. வேறு தாளில் குத்திப் பார்த்தார், பளிச்சென்று விழுந்தது.

"நீங்களே குத்துங்க மேடம்" என்று முத்திரையை அவள் பக்கம் தள்ளினார். அவர் முகம் வெளிறியிருந்தது.

அவள் இரண்டு கையாலும் அழுத்தினாள். இந்தமுறை பதிந்தது.

சாயங்காலம் தலைவர் ஜெயித்ததாக அறிவித்தார்கள். வெளியே வெடிச் சத்தம் காதைப் பிளந்தது. அதிகாரி முடிவுத் தாளை நீட்டினார். அவள் பேனாவை எடுத்தாள். அவள் கைமேல் இன்னொரு கை வந்து படிந்தது. எலும்பும் தோலுமாக, ஐஸ்போல. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தாளில் விழுந்த கையெழுத்து கோணிக்கொண்டு, நடுங்கி, வலப்பக்கம் சரிந்தது.

"சார், இது என் கையெழுத்து மாதிரியே இல்ல. வேற தாள் குடுங்க."

அதிகாரி அதை எட்டிப் பார்த்து, தாளை உருவிக்கொண்டார். "எப்படி இருந்தா என்ன? யாரு பாக்கப் போறா?"

அந்தப் பதிலுக்கு அவளுக்குச் சிரிப்புத்தான் வந்திருக்க வேண்டும். அழுகை வந்தது.

அதிகாரி சொன்னபடியே தலைவர் ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் மகள் வேலையில் சேரப் போனாள். இவளும் கூடப் போனாள். புதுப் புடவையில் மகள் முகம் மலர்ந்திருந்தது. அதைப் பார்த்தபோது, செய்ததெல்லாம் இதற்காகத்தானே என்று நெஞ்சில் ஒரு சின்ன ஆறுதல்.

சேர்க்கைப் பிரிவுக் குமாஸ்தா ஒரு தாளை நகர்த்தினார். மகள் கையெழுத்துப் போட்டாள். குமாஸ்தா விண்ணப்பத்தைப் பிரித்து வைத்து இரண்டையும் பார்த்தார்.

"இன்னொரு தடவை போடுங்க."

போட்டாள்.

"நிதானமாப் போடுங்கம்மா."

மகள் பேனாவை இறுக்கிப் பிடித்தாள். நெற்றியில் வியர்வை அரும்பியது. எழுத்து கோணிக்கொண்டு, நடுங்கி, வலப்பக்கம் சரிந்தது.

"அம்மா, யாரோ கையப் புடிச்சிருக்காங்கம்மா."

குமாஸ்தா தாளைத் திருப்பி வைத்தார். "பொருந்தலையே. ஆள் யாருன்னே தெரியாம எப்படிம்மா வேலையில சேக்குறது?"

அவள் மகளுக்குப் பக்கத்தில் இருந்த காலி நாற்காலிப் பக்கம் குனிந்தாள். "என்னங்க" என்று முணுமுணுத்தாள். "தப்பு என்னோடது. அவ என்ன பண்ணா? அவள விட்டுருங்க."

மகளின் மணிக்கட்டில் நான்கு விரல்களின் தடம் பள்ளமாக அழுந்தியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பிடி இன்னும் கொஞ்சம் இறுகியது.