பெரிய துரை சொல்லாத அத்தியாயம்

"துரை...!"

டைப்பிஸ்ட் போட்ட அலறலில் பங்களாவே அதிர்ந்தது.

மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தார் பெரிய துரை. பக்கத்தில் பாதி குடித்த காப்பி. உதட்டோரம் நுரை.

வெள்ளைக்காரன் ஆட்சியில் கலெக்டராக அந்த ஜில்லாவையே ஆட்டிப் படைத்தவர். அந்த நாட்களைப் புத்தகமாக்க அவளிடம் தினமும் வாய் ஓயாமல் சொல்லிவந்தவர்...

இப்போது பேச்சுமில்லை, மூச்சுமில்லை!

இன்ஸ்பெக்டர் வந்தார். கோப்பையை முகர்ந்தார். முகம் சுளித்தார்.

"விஷம்! யாரும்மா காப்பி கொடுத்தது?"

"தெரியல சார். நான் வர்றப்பவே..."

"இவதான்!" மாடியிலிருந்து இறங்கி வந்தான் துரையின் மகன். "அப்பா கலெக்டரா இருந்தப்ப துறைமுக ஸ்ட்ரைக்ல செத்தவனோட தங்கச்சி. பழி வாங்கிட்டா!"

"நிஜமாம்மா?"

"அண்ணன் விஷயம் நிஜம் சார். போலீஸ்காரங்க சுட்டாங்க. பாடியக் கூடத் தரல. வந்துடுவான் வந்துடுவான்னு எங்கம்மா சாகுற வரைக்கும் கதவுக்குத் தாழ்ப்பாளே போடல..."

"அப்புறம் ஏன் இங்க வேலைக்கு வந்தே?"

"எங்க புதைச்சாங்கன்னு புத்தகத்துல வரும்னுதான். புலி வேட்டை, டீ பார்ட்டின்னு பக்கம் பக்கமா அடிச்சேன்... பல்லைக் கடிச்சுக்கிட்டு! நேத்துதான் துரை கண் கலங்கி, 'நாளைக்கு ஸ்ட்ரைக் பத்திச் சொல்றேன்'னாரு. அவரைப் போய்க் கொல்லுவேனா?"

"நடிப்பு!" சீறினான் மகன். "உப்புக் கிடங்குக்குப் பின்னாடி புதைச்சதை அப்பா சொல்லியிருப்பார். இவளுக்கு வெறி ஏறியிருக்கும்!"



டைப்பிஸ்ட் நிமிர்ந்தாள்.

"உப்புக் கிடங்கா...?"

அவள் தினமும் வேலைக்கு வரும் வழி அது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

இன்ஸ்பெக்டர் மகனை நெருங்கினார்.

"உங்கப்பாதான் ஸ்ட்ரைக் பத்தி வாயே திறக்கலையே... உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"அது... அப்ப நான் போலீஸ்ல..."

"ஓஹோ! சுடச் சொன்னது நீங்க. அப்பா அதைச் சொல்லிடக் கூடாதுன்னு காப்பி!"

மகன் முகம் வெளிறியது. பிறகு வெடித்தான்.

"பெத்த மகனைவிட அவருக்கு உண்மை பெருசாப் போச்சு!"

விலங்கு மாட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். டைப்பிஸ்ட் தயங்கித் தயங்கி அருகில் வந்தாள்.

"சார்... உப்புக் கிடங்குல என்னை இறக்கி விடுவீங்களா? அண்ணனைப் பாத்து ரொம்ப வருஷமாச்சு."

இன்ஸ்பெக்டர் மகனின் தோளைத் தட்டினார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க துரை... உங்க காலம் போச்சு, இப்ப இது எங்க வண்டி!"