மாமனாரின் சம்மதம்

மாமனார் இருமும் சத்தம் அவருடைய அறையிலிருந்து கேட்டது. அவரோ அவளுக்கு எதிரே, கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்து செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தார். வாய் மூடித்தான் இருந்தது.

துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். மத்தியானம் மூன்று மணி, வெளியே விட்டு விட்டுத் தூறல், மேல் வீட்டில் யாரோ நாற்காலியைத் தரதரவென்று இழுக்கிறார்கள், குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது, சரியாகக் காயாத துணியின் வாடை கூடமெல்லாம் பரவிக் கிடக்கிறது. இதற்கு நடுவே ஓர் இருமல் எந்த வீட்டிலிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனால் அந்த இருமல் அவளுக்குத் தெரியும். முதலில் ஒரு செருமல், பிறகு இரண்டு சின்ன இருமல், கடைசியில் அலுத்துக்கொள்வதுபோல் ஒரு பெருமூச்சு. பத்து வருஷமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுப் பழகியது.

"மாமா, தொண்டை தேவலையா?"

அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். நான்கு நாளாக இதே பதில்தான். குரல் சுத்தமாக எழும்பவில்லை. மருத்துவர் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, "தொண்டையில ஒண்ணுமே இல்லையே" என்று அனுப்பிவிட்டார்.

அவள் அவருடைய அறைப் பக்கம் பார்த்தாள். அங்கே அலமாரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குள் வைத்தால் நாம் பேசுவதைக் கேட்டுப் பதில் சொல்லும் பெட்டிகளைச் செய்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. கைப்பேசித் திரையில் சம்மதம் கேட்கும் பொத்தான்களுக்கு வாசகம் எழுதுவது அவள் பொறுப்பு. அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே 'பொத்தான்'தான். சம்மதத்துக்கு நீலத்தில் கொழுகொழுவென்று ஒரு பொத்தான். 'வேண்டாம்' என்பதற்குச் சாம்பல் நிறத்தில், சுற்றிக் கட்டம்கூட இல்லாத நாலே எழுத்து. பிறகு ஒருநாள் அந்த நாலெழுத்தையும் தூக்கிவிட்டுப் 'பிறகு கேளுங்கள்' என்று போட்டாள். மறுக்கிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். அவளுக்குக் கைதட்டினார்கள்.

கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்கவும் வழி வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, அந்த வழியையும் அவளே எழுதினாள். ஏழு திரைகள். ஏழாவதில், சம்மதம் கொடுத்தவரே தன் வாயால் 'வேண்டாம்' என்று உரக்கச் சொல்ல வேண்டும். நாலாவது திரையிலேயே முக்கால்வாசிப் பேர் அலுத்துத் திரும்பிவிடுவார்கள் என்று தெரிந்துதான் எழுதினாள்.

அப்புறம், வேலை செய்கிறவர்கள் வீட்டிலும் ஆளுக்கொரு பெட்டி வைக்கச் சொன்னார்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். "உன் வீட்லயே ஒருத்தர் ஒத்துக்கலைன்னா வெளியில எவன் ஒத்துப்பான்?" என்று மேலாளர் சிரித்துக்கொண்டே கேட்டார். அவளும் கணவனும் நீலத்தை அழுத்தினார்கள். தான் எழுதியதை அவளே படித்துப் பார்க்கவில்லை. மாமனார்தான் மூன்று தடவை மறுத்தார்.

"முப்பத்திரண்டு வருஷம் தபால் குடுத்தவன்மா நான். ஊர்க்காரங்க கடுதாசி பூரா என் கையில. ஒட்டினது ஒட்டினபடியே குடுத்திருக்கேன். நான் பேசறத எவனோ உக்காந்து கேக்கணுமா? வேண்டாம்மா."

நாலாவது தடவை அவள் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டு அவர் கண்ணயர்ந்திருந்த நேரம், தலையணைக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய கைப்பேசியை எடுத்து, அவருடைய கட்டைவிரலைப் பிடித்துக் திரையின் நீலப் பொத்தானில் வைத்து அழுத்தினாள். விரல் வெதுவெதுப்பாக, கனமில்லாமல் இருந்தது. பெட்டியை யார் கண்ணிலும் படாமல் அவர் அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டு, அப்பா ஒத்துக்கொண்டார் என்று கணவனிடம் சொன்னாள். அதை நினைக்கிற ஒவ்வொரு முறையும் அவளுக்கு உடம்பு கூசியது. அதனாலேயே நினைக்காமல் இருந்தாள்.

இப்போது அறைக்குள்ளிருந்து பேச்சு கேட்டது.

அவள் எழுந்து போனாள். ஜன்னல் சாத்திய அறையில் தைல நெடியும் பழைய கம்பளியின் வாடையும் கலந்து நின்றன. அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் இருந்த சந்தில் நீல ஒளி ஒரு பொட்டளவு மினுக்கியது, அதற்கு ஏற்றபடி அவருடைய குரல் ஏறி இறங்கியது. தாழ்ந்த குரல். மத்தியான வேளைகளில் கதவைச் சாத்திக்கொண்டு, ஆறு வருஷத்துக்கு முன் இறந்துபோன மாமியாரோடு அவர் பேசுகிற குரல்.

"கேட்டியா, மழை புடிச்சுக்கிச்சு. நீ இருந்தா கொடியில துணி கெடக்குன்னு கத்தியிருப்ப... இன்னொண்ணு. யார்கிட்டயும் சொல்லாத. அன்னிக்கு இந்தப் பொண்ணு என் கட்டைவிரலப் புடிச்சா பாரு, நான் முழிச்சுட்டுதான் இருந்தேன். அவ கை நடுங்கிச்சு. கண்ணத் தொறந்தா வெக்கப்பட்டுப் போயிடுவாளேன்னு தொறக்கல. உத்தியோகத்துல என்ன நெருக்கடியோ, பாவம்."

அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. திரும்பிப் பார்த்தாள். வாசற்படியில் மாமனார் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்பது அவர் தலைகுனிந்து நின்ற நிற்பிலேயே தெரிந்தது. தப்பு செய்தவள் அவள். தலைகுனிந்து நின்றது அவர்.

குனிந்து, சந்துக்குள் கையை விட்டு, மின்கம்பியைப் பிடுங்கினாள். நீலம் அணைந்தது. குழாய் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"பாவம்" என்றது குரல்.

அவருடைய சட்டைப் பையிலிருந்து. நெஞ்சுக்கு நேராக.

அவர் இரண்டு கைகளாலும் பையைப் பொத்தினார். விரல்களின் இடுக்கில் கைப்பேசியின் வெளிச்சம். அவருடைய கண்களில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

"மாமா, நான்தான் பண்ணினேன். உங்களக் கேக்காம பண்ணிட்டேன்." பிடுங்கிய கம்பியைக் கீழே போட்டாள். "இப்பவே எடுத்துடறேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

பரவாயில்லை என்று அவர் கையசைத்தார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கட்டில் விளிம்பில் அவரை உட்கார வைத்து, கைப்பேசியை வாங்கித் திரைகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். 'நீங்கள் போவது எங்களுக்கு வருத்தம்.' இது அவள் எழுதியது. 'உங்கள் குடும்பத்தினர் ஏமாற்றம் அடையலாம். யோசித்துவிட்டீர்களா?' இதுவும் அவள் எழுதியதுதான். எழுதிய அன்று தேநீர் வாங்கிக்கொடுத்தார்கள். மூன்றாவது, நான்காவது. ஐந்தாவதில் நீலப் பொத்தானுக்குக் கீழே சாம்பல் எழுத்தைத் தேட அவளுக்கே நேரம் பிடித்தது. வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கைப் போட எழுந்திருக்கக்கூட அவளுக்குத் தைரியம் இல்லை.

ஏழாவது திரை.

'உங்கள் குரலில் "வேண்டாம்" என்று சொல்லுங்கள்.'

"சொல்லுங்க மாமா. மெதுவாச் சொன்னாலும் போதும்."

அவர் வாயைத் திறந்தார். உதடுகள் அந்தச் சொல்லின் வடிவத்துக்கு வந்தன. கழுத்து நரம்புகள் புடைத்தன. காற்றுகூட வரவில்லை.

"சரிம்மா" என்றது கைப்பேசி, அவருடைய குரலில். "எனக்குச் சம்மதம்."

'நன்றி' என்றது திரை.

அவர் தலையை ஆட்டி மறுத்தார். மறுபடி வாயைத் திறந்தார்.

"எல்லாத்தையும் கேட்டுக்கட்டும். சம்மதம்."

மறுபடி.

"சம்மதம்."

அவருடைய கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. குரலில் ஒரு பிசிறு இல்லை. நாற்பது வயது குறைந்ததுபோல் தெம்பாக இருந்தது.

அவள் கைப்பேசியைத் தன் முகத்துக்கு அருகே கொண்டுவந்தாள். யார் குரலாக இருந்தால் என்ன. கத்தியாவது பார்ப்போம். மூச்சை இழுத்து, அடிவயிற்றிலிருந்து அந்த நாலெழுத்தைக் கத்தினாள்.

சத்தம் வரவில்லை.

தொண்டையைத் தொட்டாள். வலியில்லை. அடைப்பில்லை. வெறுமை. திரும்பவும் கத்தினாள். மூன்றாம் முறை. மேல் வீட்டு நாற்காலி நகர்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

உள்ளங்கையில் கைப்பேசி லேசாக அதிர்ந்தது. ஒரு பெண் குரல் பேசத் தொடங்கியது. கூட்டங்களில் மேலாளர் முன்னால் அவள் பேசுகிற குரல், நயமாக, அவசரமே இல்லாமல்.

"எங்க வீட்ல எல்லாருக்கும் முழுச் சம்மதம்."

"ஆமாம்மா" என்றது மாமனாரின் குரல், பக்கத்திலேயே.

இரண்டு குரல்களும் பேசிக்கொண்டே போயின. கட்டிலில் இருந்த இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, வாயை அகலத் திறந்து கத்திக்கொண்டே இருந்தார்கள்.