மிதிக்காமல் ஏறிய மேடு

நான்காவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டியபோதுதான் தமிழ்வேந்தனுக்கு அந்தச் சத்தம் கேட்டது. கிரிக், கிரிக், கிரிக். பின்சக்கரத்தின் ஃப்ரீவீல். இறக்கத்தில் காலை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்து வரும்போது கேட்கிற சத்தம் அது. அவனோ ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைப்பாதையில் முழு மூச்சோடு மிதித்துக்கொண்டிருந்தான்.

திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. விடிந்து வெகுநேரமாகியும் கலையாத மூடுபனி பாதையில் கிடந்தது. நனைந்த பாறையின் வாடையும் குரங்குகள் கடித்துப் போட்ட ஏதோ காட்டுப் பழத்தின் புளிப்பும் காற்றில் கலந்து, மூச்சை இழுக்கும்போதெல்லாம் தொண்டையில் ஒட்டின.

மணிக்கட்டில் இருந்த கடிகாரத்தைப் பார்த்ததும் சத்தம் மறந்துபோனது. ஒரு வருடமாகக் கோயமுத்தூரிலிருந்து வந்து வந்து இந்த மேட்டில் நேரம் எடுக்கிறான். சைக்கிள் கிளப்பில் முதலிடத்தில் இருக்கும் சாமுவேலின் நேரத்தை ஒருமுறைகூட நெருங்க முடிந்ததில்லை. இன்று முந்திக்கொண்டிருந்தான். தொடை வலிக்கவே இல்லை. பெடல் கனமில்லாமல் சுற்றியது.

அவன் மனைவி சண்முகப்ரியா ஒன்பதாம் வளைவின் காட்சிமுனையில் காரோடு காத்திருந்தாள். மகள் ஹர்ஷிணி பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஏழாம் வளைவை நெருங்கியபோது காதில் மாட்டியிருந்த இயர்போனில் ப்ரியாவின் குரல் வந்தது.

"ஏனுங்க, பனி கொஞ்சம் வெலகுச்சு. நீங்க ஏறி வாரது இங்கிருந்து தெரியுதுங்க."

"சாமுவேலை முந்தியாச்சு அம்மணி!"

"அது சரிங்க. உங்க சீட்டைப் புடிச்சுத் தள்ளிட்டு வாராங்களே, அது ஆருங்க?"

இடுப்புக்குச் சற்று மேலே சில்லென்று இருந்தது. இதுவரை வியர்வை என்று நினைத்திருந்தான். விரித்த உள்ளங்கை அளவுக்கு இருந்தது அந்தக் குளிர்.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். அவன் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தான்.

"ஆருமில்ல. நெழலா இருக்கும்."

"நெழலு கைய மாத்தி மாத்தித் தள்ளுமாங்க? நிறுத்திப்போடுங்க! கேளுங்க, நிறுத்துங்க!"

"இன்னும் ரெண்டு வளைவுதான், பேசாம இரு."

எட்டாம் வளைவில் குளிர் முதுகெலும்பு வழியாகக் கழுத்துக்கு ஏறியது. காதுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். களைப்பே இல்லாத மூச்சு.

மிதிப்பதை நிறுத்தினான். சைக்கிள் நிற்கவில்லை. அந்த மேட்டில் வேகம் கூடியது.

பிரேக்கைப் பிடித்தான். சக்கரங்கள் இறுகின. டயர் தேய்ந்தது. ரப்பர் கருகும் நாற்றம். வண்டி ஒன்பதாம் வளைவை நோக்கி ஏறிக்கொண்டேயிருந்தது. பெடலில் பூட்டியிருந்த காலணியைத் திருகினான். கழலவில்லை.

"ப்ரியா! தள்ளிப் போ!"

அவள் போகவில்லை. நடுரோட்டில் கைகளை விரித்து நின்றாள். ஹேண்டில்பாரை மார்போடு சேர்த்துப் பிடித்தாள். இருவரும் உருண்டு விழுந்தார்கள்; காலணி பெடலிலிருந்து தெறித்துக் கழன்றது. முழங்கை கிழிந்தது. முதுகில் குளிர் இல்லை. ஒன்றுமில்லை.

"போயிருச்சு," என்றான். சிரிப்பு வந்தது. கிடந்தபடியே விரல் தானாகப் போய்க் கடிகாரத்தை நிறுத்தியது. அவன் நேரத்தைப் படித்தான்.

படித்துக்கொண்டிருந்தபோது சரளைக்கல் நெரிபட்டது.

கார். எஞ்சின் ஓடவில்லை. சாவி ப்ரியாவின் கையில் இருந்தது. மேட்டைப் பார்த்து நின்ற கார் மெதுவாக, அவசரமில்லாமல் ஏறத் தொடங்கியது.

"ஹர்ஷிணி! கண்ணு!"

ஓடினார்கள். அவன் காலணி தாரில் வழுக்கியது. எட்டவில்லை. இன்னும் ஓடினார்கள்.

குழந்தை விழித்திருந்தாள். பின்கண்ணாடியில் இரு கைகளையும் பதித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர்களைப் பார்த்து அல்ல. கண்ணாடிக்கு வெளியே, மிக அருகில் இருந்த ஒன்றைப் பார்த்து. அவள் கண்கள் மெல்ல மேலே போயின. இன்னும் மேலே. சிரிப்பு நின்றது. வாய் திறந்தது. சத்தம் வெளியே வரவில்லை.