எருமைப்பாறைக்கு வந்த கேடு

பாப்பாரப்பட்டிச் சந்தைக்குப் போகும் வழியில், ஏரிக்கரையில் எருமைப்பாறை இருந்தது. அசல் எருமை படுத்திருப்பது போலவே இருக்கும். நிஜ எருமைகளே ஏமாந்துபோய் அதனிடம் பேசிப் பார்த்துவிட்டு, பதில் வராததால் கோபித்துக்கொண்டு போகும் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

அதன் நிழலில்தான் பள்ளிக்கூடம் போகும் சிறுமி செல்லியின் அம்மா மாதம்மாள் கேழ்வரகுக் கூழ் விற்றாள். சந்தைக்குப் போகிறவர்கள் அங்கே நின்று குடிக்காமல் போகமாட்டார்கள்.

முப்பத்தெட்டாம் வருஷம் ஒரு நாவலால் கேடு வந்தது. தையல்காரர் மஸ்தான் எங்கிருந்தோ ஒரு பழைய நாவலைக் கொண்டுவந்து, பொழுது சாய்ந்ததும் தன் கடையில் உரக்கப் படித்தார். பாதி ஊர் கூடிக் கேட்டது. கதாநாயகி ரத்னவல்லியைக் கொடுமைக்கார மாமன் பூட்டி வைக்கிறான். அவள் தப்பி ஓடி, ஓர் ஏரிக்கரைப் பாறைமேல் ஏறுகிறாள். அதற்கு மேல் இருந்த பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது.

"குதிச்சுட்டா! செத்துட்டா!" என்று கதறினார் வண்டிக்காரர் தீர்த்தன். அவருடைய மீசை பெரியது. அழுகை அதைவிடப் பெரியது. அந்தக் கண்ணீரைத் தேக்கியிருந்தால் இரண்டு போகம் நெல் விளைந்திருக்கும்.

அழுது முடித்ததும் அவருக்கு ஒரு யோசனை வந்தது. "அது நம்ம பாறைதாங்க! எருமைப்பாறைன்னா வெளியூர்க்காரன் சிரிக்கிறான். ரத்னவல்லிப்பாறைன்னு வெச்சுடலாம்."

"எழுதினவரு இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டாருப்பா," என்றார் மஸ்தான்.

யார் கேட்டார்கள்? மறுநாளே பாறையில் சுண்ணாம்பால் புதுப்பெயர் எழுதியாயிற்று.

பெயருக்குப் பின்னாலேயே பேயும் வந்துவிட்டது. "செத்தவ பேரு வெச்ச எடம். அங்கதான் சுத்துவா," என்று பேசிக்கொண்டார்கள். சந்தைக்குப் போகிறவர்கள் ஏரியைச் சுற்றிக்கொண்டு மறுகரை வழியாகப் போனார்கள்.

கூழ் பானை பானையாகப் புளித்தது. ஈகூட வரவில்லை. மாதம்மாள் வெறும் சாலையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"இனி இங்க பொழைக்க முடியாது செல்லி. இந்தச் சந்தையும் போச்சுன்னா பெங்களூருக்குப் போயிடலாம். கல்லு செமந்தாவது கஞ்சி குடிக்கலாம்."

"என் பள்ளிக்கூடம்?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று மாலை செல்லி தையல் கடைக்குப் போனாள். "மஸ்தான் மாமா, அந்தக் கடைசிப் பக்கத்த இன்னொரு தடவ படிங்க."

மஸ்தான் படித்தார்: "கொலுசுகளைக் கழற்றிப் பாறைமேல் வைத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்."

அங்கே உட்கார்ந்திருந்த தீர்த்தன் அழத் தயாரானார்.

"சாகப்போறவ எதுக்குங்க சேலைய இழுத்துச் செருகணும்?" என்றாள் செல்லி. "ஓடறவதான் செருகுவா. கொலுசப் பாத்துட்டு மாமன் அவ செத்துட்டான்னு நெனச்சுக்குவான். அவ சத்தமில்லாம பாறைக்கு அந்தப் பக்கம் எறங்கிப் போயிருப்பா."

"அதெப்படி? அவ செத்தாத்தான் கதைக்கு அழகு!" என்று சீறினார் தீர்த்தன்.

"கதை அழகா இருக்கறதுக்கு ஒரு பொண்ணு சாகணுமாங்க?" செல்லி அவர் முன்னால் போய் நின்றாள். "அவ செத்துட்டான்னு நீங்க சொன்னீங்க. எங்க கூழக் குடிக்க ஆளில்ல. நாங்க ஊர விட்டே போறோம்."

மஸ்தான் புத்தகத்தை மூடினார். தீர்த்தன் மீசையைத் தடவிக்கொண்டே எழுந்து போய்விட்டார்.

சந்தை நாள் வந்தது. மாதம்மாள் பாத்திரங்களை மூட்டையாகக் கட்டிவிட்டு, ஒரே ஒரு பானையுடன் பாறையடியில் உட்கார்ந்தாள். வெயில் ஏறியது. ஒருவரும் வரவில்லை.

அப்போது ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. தீர்த்தன் இறங்கினார். இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு வந்து, கூழை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். பேய் வரவில்லை. ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மற்றதையும் திறந்தார்.

"ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல செல்லி. உயிரோட இருக்கான்னா, அவ இப்ப எங்கதான் இருப்பா?"

"தெரியலீங்க. உக்காந்து யோசிங்க. கூழு நெறைய இருக்குது."

தீர்த்தன் உட்கார்ந்தார். மறுகரையில் போனவர்கள் அவரைப் பார்த்தார்கள். "ரத்னவல்லி சாகலீங்க! எங்க போயிருப்பா?" என்று அவர் அவர்களிடமும் கத்திக் கேட்டார். "மைசூருக்குத்தான் போயிருப்பா!" என்று ஒருவர் அங்கிருந்தே கத்தினார். "இல்ல, காசிக்கு!" என்று இன்னொருவர் கத்தினார். கத்திக் கத்தித் தொண்டை வறண்டு, இருவரும் வாதாடிக்கொண்டே இந்தக் கரைக்கு வந்துவிட்டார்கள்.

மாதம்மாள் மூட்டையை அவிழ்த்துக் குவளைகளை வெளியே எடுத்தாள்.