இருபத்தெட்டு விநாடி

"அக்கா, என் பாப்பாவோட தொட்டில் ஆடுது. ஆனா வீட்ல தொட்டிலே இல்ல."

சோஃபியாவிடம் மகா சொன்னது அவ்வளவுதான். பொம்மசந்திரா ஃபேக்டரி ஒன்றில் இரண்டாம் ஷிப்ட் பார்ப்பவள். பெண் குழந்தை காய்ச்சலில் போய் நாற்பது நாள். தினமும் காலை பதினொரு மணிக்கு ஜன்னல் பக்கச் சுவரின் உச்சியிலிருந்து கிரீச், கிரீச். புருஷன் பயந்து ஓசூருக்கு ஓடிவிட்டான். மாடியிலிருக்கும் ஓனர் கிளெமென்ட், காலி பண்ணச் சொல்கிறார். குழந்தை தவழ்ந்த தரையை விட்டு அவள் எங்கே போவாள்?

சோஃபியா லிஃப்ட் விபத்துகளைத் துப்பறிபவள். மகாவின் போனில் பதிவான சத்தத்தைக் கைக்கடிகாரம் பார்த்தபடி மூன்று முறை கேட்டாள். பிறகு டேரிலின் ஆட்டோவில் லிங்கராஜபுரத்தில் மகாவின் வீட்டுக்கு வந்தாள். எந்த விசாரணைக்கும் டேரில் வெளியே நிற்பதில்லை, உள்ளே வந்துவிடுவார்.

ஒற்றை அறை. கூரையில் கொக்கி. ஜன்னலுக்கு மேலே வெளியில் சன்ஷேட். அதற்கு இரண்டடி மேலே ஓனர் வீட்டு ஜன்னல் கம்பி.

கிளெமென்ட் இறங்கி வந்தார். "நான் ஒரு நாளும் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்ல மேடம். பாவம், இதுக்கு மனசு சரியில்ல."

வாடகை வீட்டில் பிள்ளை செத்தால் பைத்தியக்காரப் பட்டமும் சேர்ந்தே கிடைக்கும்.

மகா முன்பு கட்டியது போலவே கொக்கியில் புடவையைக் கட்டச் சொன்னாள் சோஃபியா. உள்ளே ஐந்து கிலோ அரிசிப் பை. ஆட்டிவிட்டாள். போய் வரும் பத்து ஆட்டத்துக்கு இருபத்தெட்டு விநாடி. இன்னொரு பை வைத்தாள். அதே இருபத்தெட்டு.

"கனம் ஏறினா மாறாதா மேடம்?" என்றார் டேரில்.

"ஊசலுக்குக் கனம் கணக்கே இல்ல. தொங்குற நீளம்தான். குட்டையா இருந்தா வேகம், நீளமா இருந்தா மெதுவு."

கிளெமென்ட் சிரித்தார். "பேய்க்கு உங்க கணக்கு எதுக்கு மேடம்? பாப்பா லேசு, அதான் அவ்வளவு வேகமா ஆடுது."

"கேட்டதே இல்லன்னீங்க. வேகம்னு யார் சொன்னா?"

"இவதான்..."

"ஆடுதுன்னு மட்டும்தான் சொன்னேன்," என்றாள் மகா.

"போன்ல பத்து ஆட்டத்துக்குப் பதினஞ்சு விநாடிதான்," என்றாள் சோஃபியா. "அப்போ தொங்குறது இரண்டடிக்கும் குட்டை. இந்தக் கொக்கியில அவ்வளவு குட்டையா யாரும் தொட்டில் கட்ட மாட்டாங்க. உங்க ஜன்னல் கம்பியில கட்டினா அதுக்கு மேல நீளம் விட முடியாது, சன்ஷேட்ல இடிக்கும். டேரில், மேல போய்ப் பாருங்க."

டேரில் துருப்பிடித்த சங்கிலியோடு வந்தார். நுனியில் செங்கல்.

"இதை இடிச்சுட்டு பி.ஜி. ஹாஸ்டல் கட்டணும்... சும்னே, சும்மா பயம் காட்டத்தான்," என்று இழுத்தார் கிளெமென்ட்.

"செத்த பிறகும் என் பாப்பாவை உங்களுக்கு வேலை செய்ய வச்சுட்டீங்களே சார்," என்றாள் மகா. "நான் காலி பண்ண மாட்டேன்."

கிளெமென்ட் தலை குனிந்து படியேறினார். டேரில் புடவையை அவிழ்க்கப் போனார்.

"இருக்கட்டும்ண்ணா. ஒரு பையை மட்டும் எடுங்க. கடைசியா அவ அஞ்சு கிலோதான் இருந்தா." சோஃபியாவைப் பார்க்காமல் சொன்னாள்: "அது பேயாவே இருந்திருக்கலாம்க்கா."

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. தொட்டிலை ஒரு முறை ஆட்டிவிட்டாள். "நான் வர்ற வரைக்கும் ஆடுமா?"

"ஆடாது. குறைஞ்சு குறைஞ்சு நின்னுடும்." சோஃபியாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ஆனா எவ்வளவு சின்னதா ஆடினாலும் எடுத்துக்குற நேரம் குறையாது. நிக்கிற வரைக்கும் அதே இருபத்தெட்டுதான்."

மகா கதவைப் பூட்டினாள். கேட் வரை கொக்கியின் கிரீச் சத்தம் கூடவே வந்தது, மெதுவாக. டேரில் ஆட்டோவைக் கிளப்பவில்லை. மூன்று பேரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.