படகுக்காரியின் ஒன்பதாவது பேச்சு

காலையில் பல் துலக்கி முடிப்பதற்குள் துரைக்கண்ணு இரண்டு வீடியோ ஆட்டங்களை ஜெயித்துவிட்டார். செவ்வாய்க் குடியிருப்பில் அது ஒன்றும் சாதனையில்லை. அங்கே வீட்டுக்கு வீடு ஒரு பதிலாள் எந்திரம் உண்டு. எஜமானரின் முகத்தையே மாட்டிக்கொண்டு அது ஆட்டம் ஆடும், துக்க வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு வரும். பிறகு அந்த அனுபவத்தைச் சுருக்கி எஜமானரின் பிடரியில் பதித்த நினைவுவில்லையில் ஏற்றும். ஏற்ற மூன்று நொடி போதும். கண்ணீர்கூட உரிய இடத்தில் வரும்.

துரைக்கண்ணு, ஜப்பானியப் பாத்திர ஆட்ட மீட்புக் கழகத்தின் தலைவர். உறுப்பினர்கள் நாற்பதாயிரம் பேர். கதையில் ஒரு பாத்திரமாகி, நம் முறை வரும்வரை காத்திருந்து வாள் வீசி, ஊர் ஊராகப் போய் எல்லோரிடமும் நின்று பேசி, நூறு மணி நேரம் ஆடுகிற அந்தப் பழைய ஆட்டங்கள் செத்துப்போயினவே என்று தினமும் ஒப்பாரி வைப்பார்கள். கொன்றதே இந்த வகையறாதான்! 'ஒரே இழுவை' என்று முகம் சுளித்தார்கள். தயாரித்தவர்கள் பயந்துபோய்க் காத்திருப்பை வெட்டினார்கள், பேச்சை வெட்டினார்கள். வெட்டியபிறகு இவர்களே 'ஜீவனே இல்லை' என்று மூக்கைச் சிந்தினார்கள். வெட்கங்கெட்ட கூட்டம்.

இந்த அழுகையை நம்பி ஏமாந்தவள் நிறைமதி. பன்னிரண்டு ஆண்டு உழைத்து, அதே பழைய பாணியில் ஓர் ஆட்டத்தை உருவாக்கினாள். ஆனால், ஒரு மனிதராவது கடைசிவரை ஆடாத ஆட்டத்தை ஆண்டு முடிவில் அழித்துவிடுவது அங்கே சட்டம். பதிலாள் ஆடியது செல்லாது. நேரில் ஆடியதா, பதிலாள் ஏற்றியதா என்று நினைவுவில்லையைச் சோதித்தே முடிவு செய்வார்கள்.

"ஐயா, நீங்க ஒருத்தர் ஆடி முடிச்சாப் போதும். இல்லன்னா என் ஆட்டத்தை அழிச்சுடுவாங்க."

"என்னம்மா இப்படிச் சொல்லிட்ட? என் உசுரே அதுதானே! முடிச்சுக் காட்டுறேன் பாரு."

ஆடினார். நான்கே நிமிடம். முதல் ஊரில் ஒரு படகுக்காரி, "ஆறு இன்னைக்குச் சரியில்ல, நாளைக்கு வாங்க" என்றாள். துரைக்கண்ணு பேச்சைத் தாண்டும் பொத்தானைத் தேடினார். இல்லை. "அடச்சே, இதுக்கெல்லாம் யாருக்கு நேரமிருக்கு?" என்று பதிலாளிடம் தள்ளிவிட்டார். யாராவது ஆடிவிடுவார்கள் என்று மற்ற உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் நினைத்தார்கள். ஆண்டு முடிந்தது. ஆட்டத்தை அழித்துவிட்டார்கள்.

மறுவாரம் கழகம் இரங்கல் கூட்டம் போட்டது. நிறைமதியும் போனாள். அரங்கம் நிரம்பி வழிந்தது. "மனுசனுக்குப் பொறுமையே இல்லாமப் போச்சே!" என்று மேடையில் துரைக்கண்ணு மூன்று மணி நேரம் கதறினார். ஒருவர்கூட அசையவில்லை. இவ்வளவு பொறுமைசாலிகள் இத்தனை நாள் எங்கே இருந்தார்கள்? நிறைமதிக்குச் சந்தேகம் வந்தது. பக்கத்தில் இருந்தவரின் கையைத் தொட்டாள். சில்லென்ற உலோகம். அடுத்தவர் கையும் அப்படியே. அந்த வரிசை முழுக்கப் பதிலாள்கள்.

மேடையிலிருந்து இறங்கிய துரைக்கண்ணு நேராக அவளிடம் வந்து நின்றார். அதுவும் பதிலாள்தான்.

"அக்கா, அந்தப் படகுக்காரி எட்டுத் தடவையும் ஆறு சரியில்லன்னே சொன்னா. ஒன்பதாவது தடவை போறதுக்குள்ள அழிச்சுட்டாங்க. உண்மையில அவளுக்கு என்னக்கா கவலை? எங்க எல்லாருக்கும் தெரியணும்."

படகுக்காரியின் ஒன்பதாவது பேச்சை நிறைமதி மெல்லச் சொல்லத் தொடங்கினாள். கிளம்ப எழுந்த பதிலாள்கள் எல்லாம் மறுபடி உட்கார்ந்தன.

அன்று மாலை துரைக்கண்ணு வீட்டில் இருந்தபடியே கூட்டத்தின் நினைவை ஏற்றிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். கடைசியில் யாரோ ஒரு பெண் பேசுவதும் அதில் இருந்தது. இழுவை என்று தாண்டிவிட்டார்.